யந்திரத்தின் பெயரும் உத்தரவாதப் பத்திரமும்

மாடு வாங்கப் போகும் உழவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடக்கவிட்டு நடையும் பார்க்கிறார். நூல் வாங்கும் நெசவாளர், கட்டின்மேல் ஒட்டிய சீட்டை மட்டும் நம்பாமல், சிட்டத்தை நிறுத்துப் பார்த்து நம்பரைச் சரிபார்க்கிறார். இவ்வளவு விழிப்புள்ள நம் அங்கத்தினர்கள், பல லட்ச ரூபாய் விலையுள்ள டிராக்டரையோ சரக்கு ஆட்டோவையோ வாங்கும்போது மாத்திரம், "எங்கள் வீட்டில் எப்போதும் இந்தக் கம்பெனிதான்" என்ற ஒரே வார்த்தையுடன் முன்பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது உலக வழக்கு. கடன்பட்டு வாங்கும் யந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் தேவையில்லை.

கம்பெனியின்மீது வைக்கும் பற்றுதலை நாம் குறை கூறவில்லை. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடர் காரை எண்ணிப் பார்ப்போம். அது எந்தச் சிற்றூரில் நின்றாலும், பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அருகில் இருந்தார்; உதிரி பாகமும் கிடைத்தது. அதன்மேல் மக்கள் வைத்த பற்றுதலில் ஒரு பாதி இதனால் வந்தது. மறுபாதியோ, வேறு வண்டி எளிதில் கிடைக்காத லைசென்ஸ் காலத்தில் வேறு வழியின்மையால் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்து, தேர்ந்தெடுக்கும் வசதி பிறந்ததும் அந்த மறுபாதி கரையத் தொடங்கியது. நமது பற்றுதலில் எந்தப் பாதி எவ்வளவு என்று நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி உத்தரவாதம். அமெரிக்கச் சந்தையில் தரத்தில் பெயர் கெட்டிருந்த கொரியாவின் ஹூண்டாய் கம்பெனி, 1998-இல் அந்நாட்டில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டி முதலிய பாகங்களுக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் அறிவித்தது. அதே ஆண்டில்தான் அக்கம்பெனியின் கார்கள் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் வெளிவரத் தொடங்கின. பெயரில்லாதவர் பத்திரத்தால் பெயர் தேடிய கதை இது. உத்தரவாதம் நீண்டால் பழுதின் செலவு தயாரிப்பாளர் தலையில் விழும்; ஆகவே பழுதைக் குறைக்க அவரே முயல்வார். ஆயினும் அந்தப் பத்து ஆண்டும் முதல் உரிமையாளருக்கே உரியது; வண்டி கைமாறினால் காலம் சுருங்கிவிடும். பத்திரத்தின் தலைப்பு எவ்வளவு பெரிதாயினும், அதன் வலிமை நிபந்தனைகளில்தான் இருக்கிறது.

டிராக்டர் உத்தரவாதம் பொதுவாக ஆண்டுக்கணக்கோடு ஓடிய மணிக்கணக்கையும் சேர்த்தே சொல்லும்; எது முந்தி முடிகிறதோ அதோடு உத்தரவாதமும் முடியும். வாடகைக்கு ஓட்டுபவர் இதை மறக்கலாகாது. தேய்மானத்துக்குரிய பாகங்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். டயருக்கும் பாட்டரிக்கும் அவற்றைச் செய்தவர்களே பொறுப்பு. குறித்த காலத்தில் சர்வீஸ் செய்து புத்தகத்தில் முத்திரை பெறாவிடில் உரிமையே பறிபோகலாம். இவை யாவும் சரியாக அமைந்தாலும், பத்திரம் தருவது பாகத்தை மட்டுமே. சேற்றுழவின் நடுவே நின்றுவிட்ட டிராக்டருக்குப் பாகம் இலவசமாக வரலாம். பாகத்துக்காகக் காத்திருந்து கழிந்த நடவு நாட்களை எந்தப் பத்திரமும் திருப்பித் தருவதில்லை. தவணைத் தேதியும் காத்திருப்பதில்லை.

சங்கக் கணக்குகளைச் சோதிக்கும் பணியில், தவணை தவறிய யந்திரக் கடனைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது: கடனாளி தவறினாரா, யந்திரம் தவறியதா? பேரேடு முன்னதை மட்டுமே சொல்கிறது. பின்னதைச் சொல்லும் ஏடு ஒன்று சங்கத்தில் இருக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

அது எளிய ஏடுதான். யந்திரம் வாங்கிய தேதி, ஓடிய மணி, நஞ்சையா புஞ்சையா, பழுதான பாகம், வேலையின்றி நின்ற நாட்கள், பாகம் வந்துசேர்ந்த நாள், ஆன செலவு, உத்தரவாதத்தை விற்பனையாளர் மதித்தாரா என்ற விவரம், இவ்வளவே போதும். புகழ்ச்சியும் வசவும் அதில் வேண்டா. பணம் போட்டவர் தம் தேர்வைத் தாமே குறைசொல்ல மனம் கொள்வதில்லை. மனம் நொந்தவரோ ஒரு பழுதைப் பத்தாகச் சொல்வார். நாட்கணக்குக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. புதிதாகக் கடன் கேட்டு வரும் அங்கத்தினர் முதலில் அந்த ஏட்டைப் புரட்டட்டும். முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். சங்கம் எந்தக் கம்பெனிக்கும் சிபாரிசுக்காரராகிவிடக் கூடாது.

வழக்கு நேர்ந்தால் இந்தப் பதிவுகளே சான்றாகவும் உதவும். விதை வாங்கிய உழவர்கள் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்கென்றே பொருள் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தொலைபேசி மூலமும் ஆலோசனை பெறலாம். ஆனால் ரசீதும் சர்வீஸ் புத்தகமும் கையில் இல்லாதவருக்குச் சட்டம் எவ்வளவு துணை செய்ய முடியும்?

தனியொருவர் விற்பனையாளரின் வாசலில் நின்றால் அவர் ஒரு வாடிக்கைக்காரர். இருபது பேரின் அனுபவத்தை ஏட்டில் எழுதிக்கொண்டு சங்கம் நின்றால், அங்கே பேச்சின் தொனியே மாறும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதற்கொரு தீர்மானம் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான்.