139 ஆட்டங்களும் ஓர் அடிக்குறிப்பும்

2024 பிப்ரவரி 15 அன்று, மிச்சிகன் அணிக்கு எதிரான ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. நடுமைதானச் சின்னத்தின் ஓரத்திலிருந்து அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. அதுவரை சாதனையை வைத்திருந்த கெல்சி ப்ளமின் 3,527 புள்ளிகள் கடக்கப்பட்டன. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் உச்ச சாதனை முறிந்ததாக உலகம் கொண்டாடியது. உண்மையில் அது இன்னும் முறிந்திருக்கவில்லை. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் வுடார்ட் 1981லேயே 3,649 புள்ளிகளோடு கல்லூரி ஆட்டத்தை முடித்திருந்தார். பிப்ரவரி 28 அன்று மினசோட்டாவில் 33 புள்ளிகள் எடுத்து 3,650ஐத் தொட்ட பிறகுதான் கிளார்க் அவரை ஒரே ஒரு புள்ளியில் தாண்டினார். ஆனால் வுடார்டின் 3,649க்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் அன்றைய முதன்மைப் பட்டியலில் இடமே இல்லை. வுடார்ட் ஆடியது ஏஐஏடபிள்யூ என்ற பெண்கள் விளையாட்டுச் சங்கத்தின் கீழ் என்பதுதான் காரணம்.

வுடார்டின் எண்கள் முதன்மைப் பட்டியலில்தான் இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் அல்ல என்பது இவ்விதழின் நிலைப்பாடு. பழையவர் மீதான பரிவு இதற்குக் காரணமல்ல. ஸ்கோர் மேசையின் அடிப்படை நேர்மை இதைக் கோருகிறது. என்சிஏஏ பெண்கள் கூடைப்பந்துக்குச் சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கியதே 1981-82 பருவத்தில்தான். அதற்கு முன் ஒரு பெண் எவ்வளவு திறமையோடு ஆடினாலும் அதன் கணக்கில் வர வழியே இல்லை. முதலாண்டில் ரீபவுண்டிலும் இரண்டாம் ஆண்டில் புள்ளிகளிலும் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் வுடார்ட். பின்னாளில் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்குத் தலைமை தாங்கினார். 1985இல் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற காட்சிக் கூடைப்பந்து அணியின் முதல் பெண் வீரர் ஆனார். இப்படிப்பட்டவரின் நான்கு கல்லூரி ஆண்டுகளைச் சங்கம் மாறியதால் மறைத்துவிட முடியாது.

ஆட்டத்தின் சூழல் வேறு, ஆகவே ஒப்பிட முடியாது என்பது பயிற்சியாளர்கள் பலர் சொல்லும் மறுப்பு. சூழல் வேறுதான், மிகவும் வேறு. வுடார்ட் ஆடியது ஆண்களின் சைஸ் 7 பந்தில். சிறிய பந்து 1984-85இல்தான் வந்தது. மூன்று புள்ளிக் கோடும் அன்று கிடையாது. கிளார்க், வுடார்ட் இருவரும் ஆடியவை சரியாக 139 ஆட்டங்கள். கிளார்க்கின் மொத்தம் 3,951. அவற்றில் மூன்று புள்ளிக் கூடைகள் 548. அவை ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணினால் 3,403 வரும், வுடார்டை விடக் குறைவு. இதை வைத்து யார் பெரியவர் என்று தீர்ப்பு எழுதுவது தவறு. கோடு இல்லாத காலத்தில் கிளார்க் அவ்வளவு தூரத்திலிருந்து எறிந்திருக்கவே மாட்டார். உள்ளே புகுந்திருப்பார், அல்லது 1,144 அசிஸ்டுகள் இன்னும் கூடியிருக்கும். ஆனால் சூழல் வேறுபாடு ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கப் போதுமென்றால், முதலில் நீக்க வேண்டியவர் ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் சாதனையாளர் பீட் மாரவிச். மூன்று புள்ளிக் கோடு இல்லாமல், முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாத விதியின் கீழ், மூன்றே பருவங்களில் 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள் எடுத்தவர் அவர். அவர் பெயருக்கு எதிராக அந்த வாதத்தை எவரும் எழுப்பவில்லை. மார்ச் 3 அன்று கிளார்க் அவரைக் கடந்ததை எல்லோரும் சாதனையாகவே எழுதினார்கள். ஆணுக்கு ஒப்புக்கொண்ட அளவுகோலைப் பெண்ணுக்கு மறுக்க நியாயமில்லை.

பழைய ஸ்கோர் ஷீட்டுகளை நம்ப முடியுமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ரீபவுண்ட், ஸ்டீல் போன்றவற்றை அன்று ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு விதமாக எண்ணியிருக்கலாம். புள்ளிகள் அப்படியல்ல: வளையத்தில் விழுந்த பந்தை இரு அணிகளும் பார்த்தன, இறுதி ஸ்கோரோடு கூட்டிச் சரிபார்க்கலாம். ஐயம் வந்தால் ஆட்டம் ஆட்டமாகச் சோதிப்பதுதான் நம் தொழில். பத்தாண்டை மொத்தமாக ஒதுக்குவது சோதனை ஆகாது. உண்மையிலேயே கடினமானது பேர்ல் மூரின் கணக்கு. தென் கரோலினாவின் ஃப்ரான்சிஸ் மேரியன் என்ற சிறு கல்லூரியில் ஆடிய அவருடைய மொத்தம் 4,061, கிளார்க்கை விட அதிகம். எதிரணிகளின் தரம் வேறு. அதில் 177 புள்ளிகள் ஒரு ஜூனியர் கல்லூரியில் எடுத்தவை. அவரை வுடார்டின் வரிசையிலேயே வைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சங்கம், கல்லூரியின் தரநிலை, பந்தின் அளவு, மூன்று புள்ளிக் கோடு உண்டா இல்லையா என்று நான்கு கட்டங்கள் சேர்த்தால், 4,061ஐயும் அதே தாளில் அச்சிடலாம்.