கதவை வெட்டாதீர்கள்!

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் பழைய வில்லிஸ் பிக்அப் ஒன்று சில மாதங்களாக நிற்கிறது. அப்பா நெல் மூட்டை ஏற்றிய வண்டி. மகன் அதைப் பழையபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார். சென்னை புதுப்பேட்டையில் தேடி வாங்கிய மட்கார்டைப் பொருத்தியாயிற்று. ஆனால் பானெட்டை மூடினால் ஒரு பக்கம் விரல் நுழைகிறது, மறுபக்கம் உரசுகிறது. டிரைவர் கதவை ஓங்கி அடித்தால்தான் பூட்டு விழுகிறது. "கதவு ஓரத்தை வெட்டி வெல்டு வெச்சு, பட்டி போட்டுத் தேச்சுட்டா ஒண்ணும் தெரியாது சார்" என்கிறார் டிங்கர். செய்யலாமா என்று கேட்கிறார் மகன்.

வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் உப்பிய வீட்டுக் கதவை அவசரமாக இழைத்துவிட்டு, சித்திரையில் சந்து வழியாகத் தெருவைப் பார்ப்போமே, அந்தக் கதைதான் இது. கோளாறு பெரும்பாலும் கதவில் இருக்காது, அதைத் தாங்கும் இடத்தில் இருக்கும்.

கேபின் சேஸ் மீது நேராக உட்காருவதில்லை. நடுவே ரப்பர் புஷ்கள் உண்டு. அறுபது வருடத்தில் அவை நசுங்கி, சில இடங்களில் காணாமலே போயிருக்கும். முன்பக்க ரப்பர் இறங்கினால் கேபினின் முகப்பும் முன்னால் சாயும். கதவின் பின் ஓரத்தில் மேலே சந்து அகலமாகவும் கீழே இறுக்கமாகவும் தெரியும். அங்கே புது ரப்பரோடு ஒரு தகடு வாஷர் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பிரச்னை தானாகத் தீர்ந்துவிடும். கடற்காற்று ஊரில் கேபினின் அடிப்பகுதி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தால், அதை முதலில் சரிசெய்யாமல் வாஷர் வைத்துப் பயனில்லை.

இதையெல்லாம் வண்டி நான்கு சக்கரத்தில், இன்ஜின் உள்ளே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து அளவு பார்த்தால், இறக்கியதும் எல்லாம் மாறும்.

அடுத்தது கீல். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். லொடலொடவென்று ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. பின்னை மாற்றுவது சில மணி நேர வேலை. கதவைச் சரியாக நிறுத்திய பிறகுதான் மட்கார்டு, அதன் பிறகு பானெட். மட்கார்டு போல்ட்டுகளை எல்லாம் தளர்த்திவிட்டு, கதவோடு ஒட்டும் ஓரத்திலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாக முடுக்குங்கள். வேறு வண்டியில் பல வருடம் இருந்த மட்கார்டு அந்த வண்டியின் கோணலையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கும். கொஞ்சம் இழுத்துப் பிடிக்கத்தான் வேண்டும்.

பட்டி விஷயத்தில் வில்லிஸ் ரொம்பப் பொல்லாதது. பிக்அப்பின் முகப்பு, 1946-ல் வந்த அதே கம்பெனியின் ஸ்டேஷன் வேகனுடையதுதான். அதை வடிவமைத்த ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ், வீட்டு உபயோகப் பொருள்களுக்குத் தகடு அழுத்தும் ஆலைகளிலேயே செய்யும்படி, ஆழமான வளைவுகள் இல்லாமல் வரைந்தார். அதனால்தான் அந்தத் தட்டை முகம். தட்டையான தகட்டில் தடிமனாகப் பட்டி பூசினால், வெயிலில் பார்க்கும்போது அலை அலையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்றைய கார் போல நூல் பிடித்த சந்தும் எதிர்பார்க்காதீர்கள். சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவாக 5 மி.மீ. இருந்தால் போதும். பெயின்ட்டின் தடிமனுக்கும் இடம் வேண்டும். கதவு ரப்பரைப் போட்டும் ஒருமுறை மூடிப் பாருங்கள், தடித்த புது ரப்பரே கதவை வெளியே தள்ளும்.

வெட்டாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் தனிப் பதிவு முறை வந்தது. நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, வாடகைக்கும் ஓட்டக் கூடாது.

டிங்கரிடம் இந்த வேலைக்கு மட்டும் மொத்தமாகப் பேசாமல் நாள் கூலி பேசுங்கள். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டித்தான் சந்து பார்க்க வேண்டும். காண்ட்ராக்ட் என்றால் மூன்றாவது முறை கழற்ற யாருக்கும் மனசு வராது.