தர்மகர்த்தா நாற்காலி யாருக்கு?

மில்லர்புரம் டீக்கடையில் ஒரு மில் தொழிலாளி நம்மிடம் கேட்டார்: "மரம் வளர்க்கிற டிரஸ்டில் என்னைத் தர்மகர்த்தாவாகக் கூப்பிடுகிறார்கள், தோழர். சம்பளம் கிடையாது. அது முதலாளிமார் உட்காரும் நாற்காலி அல்லவா?"

போய் உட்காருங்கள் என்றோம்.

தர்மகர்த்தா என்றதும் நம் ஜனங்களுக்குப் பரிவட்டமும் முதல் மரியாதையும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது காவல் வேலை. சொத்து அவருடையதல்ல, அதில் ஒரு காசு லாபம் பார்க்கக் கூடாது, வரவு செலவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சென்னை கோட்டூர்புரத்தைப் பாருங்கள். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த சர்க்கார் நிலத்தில், 2006 முதல் 'நிழல்' அறக்கட்டளைத் தொண்டர்கள் நாட்டு மரங்களை வளர்த்துப் பூங்காவாக்கினார்கள். நடுவிழா போட்டோவால் எந்த மரமும் வளர்ந்ததில்லை.

தூத்துக்குடியில் காரியம் இன்னும் கடினம். உப்புக் காற்று, உவர் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையை நம்பிய மழை. இங்கே பனையும் உடையும் புன்னையும் பூவரசும் தாங்கும். உப்பளத்திலும் வயலிலும் உழைத்தவர்களுக்கு இது தெரியும். கன்றுக்கு வந்த பணம் கன்றுக்குப் போயிற்றா, கோடையில் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் கூலி கிடைத்ததா என்று கேட்கவும் அவர்களே வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கணக்கைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சர்க்காரும் மாநகராட்சியும் செய்ய வேண்டியதைத் தொண்டர் தலையில் கட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிழல் எல்லோருக்கும் பொது. அதன் கணக்குப் புத்தகம் உழைப்பாளி கையிலும் இருக்கட்டும்!