பெயருக்கு விலையா, பொருளுக்கு விலையா?



மளிகைக்கடைக்காரன் கிட்டாரைப் பற்றி எழுதுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் எடை போட்டது பருப்பும் புளியும் மிளகாய் வற்றலுமே தவிர, இசைக்கருவி அல்ல. ஆனால் விலை உயர்ந்த ஒரு சரக்கை மதிப்பிடும் விஷயத்தில் பருப்புக்கும் கிட்டாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை அண்மையில் தெரிந்துகொண்டேன். நம் தொழிலுக்கும் அதில் பாடம் இருப்பதால் எழுதுகிறேன்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறான். கிட்டார் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஐந்தாறு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், தனி ஒரு கைவினைஞர் கையால் செய்த இரும்புத்தந்தி கிட்டார் ஒன்று வாங்க ஆசைப்பட்டான். ஒரு கடையில் பழைய கிட்டார் ஒன்று இருந்தது. செய்தவர் பெயர் பெற்றவர். பின்பலகை பிரேசில் நாட்டு ரோஸ்வுட். விலை 9,000 டாலர். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, நீங்க எத்தனையோ சரக்கு வாங்கினவங்க. இதுக்கு இந்த விலை தகுமா?"

"மாப்ளே, எனக்குக் கிட்டார் தெரியாது. ஆனா நீ சொல்றதைப் பார்த்தா, கடைக்காரர் மரத்தோட பேரையும் செஞ்சவர் பேரையும்தான் விக்கிறார். சரக்கை யாராவது குத்தூசி போட்டுப் பார்த்தீங்களா?" என்றேன்.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கடை தொடங்கிய புதிதில், பெயர் அச்சடித்த சாக்கைப் பார்த்து, குத்தூசி போடாமலேயே 20 மூட்டை துவரம்பருப்பு இறக்கினேன். வாய்ப் பக்கம் நயம் பருப்பு. நடு மூட்டையில் வண்டு விழுந்த பழைய சரக்கு. கொடுத்த மண்டியில் கேட்டால், "சாக்கு எங்களுடையது இல்லை" என்றார்கள். அந்த நஷ்டத்தை அடைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

மருமகன் சளைக்கவில்லை. அடுத்த சில வாரங்கள் விசாரித்து, தெரிந்துகொண்டதை எல்லாம் எனக்குச் சொன்னான். கேட்கக் கேட்க எனக்கே சுவாரஸ்யமாகிவிட்டது.

இரும்புத்தந்தி கிட்டார் என்பது உண்மையில் ஒரு பாரம் தாங்கும் பெட்டி. ஆறு தந்திகளையும் சுருதி கூட்டி முறுக்கினால் மொத்த இழுவை சுமார் 160 பவுண்டு. அதாவது நாம் முதுகில் ஏற்றும் 75 கிலோ அரிசி மூட்டையின் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கும் மேல்பலகையின் கனமோ சுமார் 3 மில்லிமீட்டர்தான்! இது பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு மரம். அதன் அடிப்பக்கத்தில் பெருக்கல் குறி போல இரண்டு கட்டைகளைக் குறுக்காக ஒட்டித் தாங்கு கொடுக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து சென்று 1833-ல் நியூயார்க்கில் கடை வைத்த மார்ட்டின் என்பவர் 1840-களில் கையாண்ட முறை இது. அவர் பெயரில் உள்ள கம்பெனி பென்சில்வேனியா மாநிலம் நாசரேத் ஊரில் இன்றும் நடக்கிறது.

இந்தக் கட்டைகளைத் தடிமனாக விட்டால் கருவி உடையாது, ஆனால் ஒலி அடைத்துப் போகும். மெலிதாக இழைத்தால் ஒலி திறக்கும், ஆனால் சில வருடங்களில் பலகை வளைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் கைவினைஞரின் வித்தை. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லையாம். தொழிற்சாலை எல்லாப் பலகைக்கும் ஒரே அளவு வைத்து, உடையாத பக்கமாகவே நிற்கும். கைவினைஞர் ஒவ்வொரு பலகையையும் விரலால் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி இழைக்கிறார். ஒரு கிட்டாருக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் உழைப்பு. அந்த உழைப்புக்கும் நிதானத்துக்கும் விலை கேட்டால், அது நியாயமான விலை. கொடுக்கலாம்.

ஆனால் 9,000 டாலரில் பெரும் பங்கு பின்பலகையின் பெயருக்குப் போகிறதே, அது தகுமா? இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும்.

பிரேசில் ரோஸ்வுட் முன்னாளில் தாராளமாகக் கிடைத்தது. மரம் அருகி, ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது, 1969-ன் இறுதியில் மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றும் இல்லை. நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளரும் நம் ஈட்டி மரம்தான். இன்று உலகத்தின் நல்ல கிட்டார்களில் நம் மலைச் சரக்குக்குத் தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிரேசில் மரத்தை 1992-ல் சர்வதேச வனவிலங்கு, தாவர வணிக ஒப்பந்தத்தின் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அன்று முதல் சரக்கு அருமையாகிவிட்டது. அருமையானதால் விலை ஏறியது. விலை ஏறியதால் அதில்தான் நல்ல ஒலி என்ற பேச்சும் ஏறியது. பஞ்ச காலத்தில் பழைய நெல்லுக்கும் வாசனை வந்துவிடுவது போல!

இந்தப் பேச்சைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காக, ஃபைல்ட் என்ற கிட்டார் பட்டறையில் ஆறு கிட்டார்கள் செய்தார்கள். மேல்பலகை, அளவு, வேலைப்பாடு எல்லாம் ஒன்றுதான். பின்பலகையும் பக்கப் பலகையும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், வால்நட், மலிவான சபேலி. வாசிக்கத் தெரிந்த 52 பேரை அழைத்து, விளக்கைக் குறைத்து, வெல்டிங் செய்பவர் போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபோது, ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மதிப்பெண் போட்டார்கள். இது 2018-ல் வெளிவந்தது. மேல்பலகையைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. பின்பலகை மரத்தின் பெயருக்காகப் பல மடங்கு கொடுப்பவன் காதுக்காகக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் அது காட்டுகிறது.

அழகுக்காகவோ சேகரிப்புக்காகவோ வாங்குகிறவர் தாராளமாகக் கொடுக்கட்டும். அது அவர் பணம், அவர் விருப்பம். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. பிரேசில் மரக் கிட்டாரை எல்லை தாண்டி எடுத்துப் போகச் சான்றிதழ் வேண்டும். 2017-ல் நம் ஈட்டி உள்ளிட்ட ரோஸ்வுட் வகைகள் எல்லாவற்றுக்கும் இரண்டாம் பட்டியலில் கட்டுப்பாடு வந்தது. 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு அதில் விலக்கு கொடுத்தார்கள். முதல் பட்டியலில் உள்ள பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. பில் இல்லாத சரக்கு என்ன பாடு படுத்தும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? மருமகன் எழுதிவைத்த பட்டியலை அப்படியே தருகிறேன்.

முதலாவது, கழுத்து. நேரான இரும்பு அளவுகோல் ஒன்றைக் கழுத்தின் மெட்டுகள் மேல் நீளவாக்கில் வைத்தால், அதன் முனை குதிரையின் மரத் தலைப்பை ஒட்டி வந்து நிற்க வேண்டும். (வீணையில் மெட்டு, குதிரை என்போமே, அவையேதான்.) முனை அதற்கு மிகவும் கீழே இறங்கினால், அரிசி மூட்டைப் பாரம் கழுத்தை முன்னால் சாய்த்துவிட்டது என்று அர்த்தம். கழுத்தைக் கழற்றி மாட்டினால்தான் சரியாகும். அதற்கே பல நூறு டாலர் செலவு.

இரண்டாவது, தந்தி உயரம். 12-ஆம் மெட்டில் தடித்த தந்தி சுமார் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய தந்தி சுமார் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பது பொதுவான அளவு. அதிகமானால் விரல் நோகும்; குறைந்தால் தந்தி மெட்டில் உரசும். உயரத்தைக் குறைக்கக் குதிரை மேலுள்ள எலும்புத் துண்டை யாராவது அராவியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். அது சாய்ந்த கழுத்தை மறைக்கும் வேலை.

மூன்றாவது, சுருதி. 12-ஆம் மெட்டு தந்தியின் பாதி நீளம். அங்கே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் நாதமும், அழுத்திப் பிடித்து எழுப்பும் நாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தந்தியிலும், ஒவ்வொரு மெட்டிலும் மெதுவாக வாசித்து, எங்கேயாவது ஒலி செத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும்.

நான்காவது, வயிற்றுக்குள் பார்ப்பது. ஒலித்துளை வழியாகச் சிறு கண்ணாடியும் விளக்கும் விட்டுப் பார்த்தால் தாங்குகட்டை ஒட்டு விட்டிருக்கிறதா, பழைய வெடிப்பை ஒட்டியிருக்கிறார்களா, பசை வழிந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். வெளியே மெருகு போடுவது எளிது. கை சுத்தமானவரா என்பது யாரும் பார்க்காத இடத்தில்தான் தெரியும்.

ஐந்தாவது, ஈரப்பதம். இந்தக் கருவிக்கு 45 முதல் 50 சதவீதம் வரை ஈரப்பதம் வேண்டும். மழைக்காலத்தில் உப்பும் வெல்லமும் கசிவதுபோல் மரமும் உப்பும். அமெரிக்கக் குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டில் வறண்டு வெடிக்கும். முன்பு வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்று விசாரிக்காமல் வாங்கக்கூடாது.

கடைசியாகத்தான் காது. தான் வாசிக்கும் பாட்டையே, மெதுவாகவும் ஓங்கியும் வாசித்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் வேறொருவரை வாசிக்கச் சொல்லி எதிரே நின்று, மரத்தின் பெயரைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

பழுது பார்க்கும் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துக்கொண்டு மருமகன் அந்தக் கடைக்குப் போனான். அளவுகோலை எடுத்ததுமே கடைக்காரர் முகம் மாறிவிட்டதாம். "இந்தத் தரத்துக் கிட்டாருக்கு இப்படி அளவு பார்க்கும் வழக்கம் இல்லை" என்றாராம். பார்த்தபோது அளவுகோலின் முனை குதிரைத் தலைப்புக்கு நன்றாகக் கீழே இறங்கியது. எலும்புத் துண்டு ஏற்கனவே அராவப்பட்டிருந்தது. மரச் சான்றிதழைக் கேட்டான். "தேடித் தருகிறோம்" என்றார்கள். இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். மறுத்துவிட்டார்கள். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

பிறகு பென்சில்வேனியாவில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் 5,500 டாலருக்கு வாங்கினான். பின்பலகை நம் ஈட்டிதான். அந்த மனிதர் தாமே கண்ணாடியையும் விளக்கையும் எடுத்துக் கொடுத்து, "உள்ளே பாருங்கள்" என்றாராம். "ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். என் வேலையில் குறை வந்தால் நான் உயிரோடு இருக்கும்வரை சரி செய்து தருகிறேன்" என்றும் சொன்னாராம். விற்பவனின் நாணயம் என்பது இதுதான்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் ரக்பி என்ற சிற்றூரில் வேய்ன் ஹெண்டர்சன் என்பவர் இருக்கிறார். கிராமத்தில் தபால் பட்டுவாடா செய்த மனிதர். தம் பட்டறையில் கிட்டார் செய்து செய்தே 1995-ல் அமெரிக்க அரசின் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்றார். எரிக் கிளாப்டன் போன்ற உலகப் புகழ் பெற்ற கலைஞரே அவர் கைக் கிட்டாருக்குப் பல ஆண்டுகள் காத்திருந்தார். அங்கே சரக்கு முன்னால் வந்தது. பெயர் அதன் பின்னால் வந்தது. பெயரை முன்னால் விட்டு, சரக்கைப் பின்னால் மறைக்கும்போதுதான் வாடிக்கையாளர் ஏமாறுகிறார்.

இப்போது நம் கடைக்கு வருவோம். பெரிய கடைகளும், பளபளக்கும் பாக்கெட்டும், வீட்டுக்கே வந்து இறக்கும் வியாபாரமும் வந்துவிட்டன. நம் வாடிக்கையாளர் போய்விடுகிறார்களே என்று சங்கக் கூட்டம்தோறும் பேசுகிறோம். ஒட்டிய பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்க்க முடியாது. நம் கடையில் முடியும். நாலு மிளகை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கலாம். பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். புளியைப் பிய்த்துப் பார்க்கலாம். இந்த ஒரு வசதியை நாம் சலிப்போடு அல்லவா கொடுக்கிறோம்? "அள்ளாதீங்கம்மா, அதெல்லாம் நல்ல சரக்குதான்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்! நானும் சொன்னவன்தான். அளவுகோலைக் கண்டு முகம் மாறிய அந்தக் கடைக்காரருக்கும் அப்போது எனக்கும் என்ன வித்தியாசம்?

சென்ற மாதம் முதல் என் கடையில் புது மூட்டையை வாடிக்கையாளர் கண்ணெதிரே பிரிக்கிறோம். ஒவ்வொரு பருப்பிலும் ஒரு தட்டு மாதிரி முன்னால் இருக்கிறது. சிந்துவதும் சிதறுவதும் உண்டு. கணக்கில் அது ஒரு சின்னச் செலவு. பையன்களிடம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்: பார்த்து வாங்குகிறவரைப் பார்த்து முகம் சுளிக்காதே, மறுபடியும் நம் படி ஏறப்போகிறவர் அவர்தான்.