ஆண்களுக்கான குளிசையா இது?



இம்முறை கொஞ்சம் கூச்சமான விடயம் ஒன்றை எழுதப் போகிறேன். நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தங்கச்சி ஒருத்திக்குச் சிறுநீரகத்தில் கல். கண்டியில் கல்லை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஒரு குழாயை வைத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் குளிசை அட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். "அக்கா, இது வயசான ஆம்பளைங்களுக்குக் குடுக்கிற மாத்திரையாம். மருந்துக் கடையில சொன்னாங்க. வேற யாரோட துண்டையாச்சும் மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். அந்தப் பயத்தில் ஒரு குளிசைகூட அவள் விழுங்கியிருக்கவில்லை. இரவில் பத்துத் தடவை எழும்பி, லயத்துக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்கு டோர்ச் லைட்டோடு போய் வந்துகொண்டிருந்தாள்.

அது மாறி வந்த குளிசை அல்ல. அவளுக்கென்றே எழுதிய குளிசைதான்.

நான் வைத்தியர் இல்லை. கிளினிக்கிற்குப் பெண்களைக் கூட்டிப்போய், சிங்களம் தெரியாதவர்களுக்குப் பேசிக் கொடுக்கிறவள். டொக்டர்மாரிடமும் மிஸ்ஸிமாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வாசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்குச் சலம் இறங்கி வரும் வழி, மெல்லிய ஒரு குழாய். கல்லை எடுத்த பிறகு அந்த வழி வீங்கி அடைத்துக்கொள்ளக் கூடும். அதைத் திறந்தபடி வைத்திருக்கத்தான் ஸ்டென்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விடுகிறார்கள். கர்ப்பப்பை சத்திரசிகிச்சையின்போதோ, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் அந்த வழியை நெருக்கும்போதோ பெண்களுக்கு இது தேவைப்படுவதுண்டு. கர்ப்பகாலத்தில் கல் அடைத்தாலும் சிலருக்கு வைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும். மேல் நுனி சிறுநீரகத்துக்குள்ளும் கீழ் நுனி சலப்பைக்குள்ளும் சுருண்டு நிற்கும். இடம் பெயராமல் இருக்கத்தான் இந்தச் சுருள். 1967 இல் முதன்முதலாக வைத்த குழாய்களுக்குச் சுருள் இல்லாததால் அவை நழுவின. இரண்டு பக்கமும் வளைந்த இன்றைய வடிவம் 1978 இல் வந்தது. அதனால்தான் துண்டில் 'டீஜே' என்று எழுதியிருக்கும்.

வேதனை தருவதும் இந்தச் சுருள்தான். குனிந்து நிமிர, மலை ஏறி இறங்க, கீழ்ச் சுருள் சலப்பையின் அடியில் உராயும். அந்த இடம்தான் சலப்பையில் மிகவும் உணர்ச்சி கூடிய இடம். சலப்பை நிறைந்துவிட்டது என்று உடம்பு ஏமாந்துபோகும். அடிக்கடி போக வேண்டும், போனால் கொஞ்சம்தான் வரும், அடக்க முடியாமல் வழியிலேயே கசிந்துவிடும், முடிவில் எரியும். சலம் கழிக்கும்போது விலாப்பக்கம் சுள்ளென்று இழுக்கும். அந்த நேரத்தில் சலம் குழாய் வழியே மேலே திரும்பிப் போவதால் வரும் வலி அது. வேலை செய்த நாளில் சலம் சற்றுச் சிவந்தும் போகலாம்.

இதெல்லாம் அந்தத் தங்கச்சி ஒருத்திக்கு மட்டும் வந்ததல்ல. 2003 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜோஷி என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் ஸ்டென்ட் வைத்தவர்களிடம் கேள்விக்கொத்து ஒன்றைக் கொடுத்துக் கேட்டார்கள். 100 பேரில் 78 பேர் சலத் தொல்லையால் அவதிப்பட்டிருக்கிறார்கள். 80 பேருக்கு மேல் வலியால் அன்றாட வேலைகள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். 58 பேருக்கு உழைப்பு குறைந்திருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர் போடும் எங்கள் மலைகளில் இந்த 58 என்ற கணக்கு என்னவென்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 2023 ஜூன் 1 ஆம் திகதி கொழும்பு இராணுவ வைத்தியசாலையில் 801 கிராம் கல்லொன்றை எடுத்து, உலகிலேயே பெரியது என்று கின்னஸில் பதிந்தார்கள். கல்லுக்குப் பத்திரிகையில் படம் போட்டார்கள். கல் போன பிறகு குழாயோடு நடமாடும் நாட்களைப் பற்றி எழுதுவார் இல்லை.

இனிக் குளிசைக்கு வருவோம். டம்சுலோசின் என்பது முதலில் ஆண்களின் புரஸ்ரேட் வீக்கத்துக்கென்று வந்த மருந்துதான். கடைக்காரர் சொன்னதில் அந்தளவு சரி. ஆனால் சலப்பையின் வாயிலும் சலம் இறங்கும் வழியின் கீழ்ப்பகுதியிலும் உள்ள தசைகள் பெண்களுக்கும் இருக்கின்றன. குழாய் உராயும்போது அந்தத் தசைகள் இறுகிப் பிடிக்கின்றன. இம்மருந்து அவற்றைத் தளர்த்திவிடும். அல்புசோசின் என்பதும் இதே வகை. ஸ்டென்ட் தொல்லைக்கு இவ்வகை மருந்துகளைக் கொடுக்கலாம் என்று ஐரோப்பிய சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கமும் தன் வழிகாட்டலில் சொல்கிறது. வழக்கமாக 0.4 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு. மென்று தின்னவோ உடைத்து விழுங்கவோ கூடாது.

ஒரு கவனம் வேண்டும். இது இரத்த அழுத்தத்தைச் சற்று இறக்கும். முதல் சில நாட்களில் சட்டென்று எழும்பினால் தலை சுற்றலாம். செங்குத்தான மலையில் கூடையோடு நிற்பவருக்கு இது சிறிய விடயமல்ல. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். படுக்கையிலிருந்து எழும்பும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழும்புங்கள். பிரஷருக்குக் குளிசை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணில் வெள்ளை படர்ந்து ஒபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், கண் டொக்டரிடமும் இந்தக் குளிசையைக் காட்டுங்கள்.

இரண்டாவது வகை, சலப்பை வீணாகச் சுருங்குவதைத் தணிக்கும் மருந்துகள். சொலிபெனசின், டொல்டெரோடின், ஒக்சிபியூட்டினின் என்ற பெயர்களில் வரும். 'அவசரம்', கசிவு இரண்டுக்கும் இவை உதவும். வாய் வரண்டுபோகும், மலச்சிக்கல் வரும், பார்வை சற்று மங்கும். கண் அழுத்த நோயில் ஒருவகை உள்ளவர்களுக்கு இவை ஆகாது. வயதான அம்மாமாருக்கு ஒக்சிபியூட்டினின் சில வேளை தடுமாற்றத்தைக் கொடுக்கும். மிராபெக்ரோன் என்பது பின்னால் வந்தது. அது வாயை அவ்வளவாக உலர்த்தாது. ஆனால் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. டம்சுலோசினோடு இரண்டாம் வகையையும் சேர்த்துக் கொடுத்தபோது சில ஆய்வுகளில் கூடுதல் சுகம் கிடைத்திருக்கிறது, சிலவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று சரிவராவிட்டால் மாற்றிப் பார்க்க வழியுண்டு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். எந்தக் குளிசையும் தொல்லையை முழுவதாக எடுத்துவிடாது. பத்துத் தடவை எழும்பியவர் நான்கு தடவை எழும்பினால் அதுவே தூக்கம்தான்.

வலிக்குப் பரசிட்டமோல் போதாவிட்டால் டொக்டரிடம் கேளுங்கள். டைக்ளோபெனக் போன்றவற்றைத் தாமாகக் கடையில் வாங்கிப் போடுவது சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு நல்லதல்ல. எரிவு என்றவுடன் அன்டிபயோட்டிக் வாங்குவதும் அப்படித்தான். குழாய் உள்ளே இருக்கும்போது கிருமி இல்லாமலே சலத்தில் இரத்தமும் வெள்ளைக் கலங்களும் காணும். கிருமி உண்டா என்று சலத்தை வளர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் குளிரோடு காய்ச்சல், கட்டி கட்டியாக இரத்தம், சலமே போகாமல் நிற்பது இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தவர்கள் நேரே டிக்கோயா வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். (2017 மே 12 ஆம் திகதி அதன் புதிய கட்டடத்தை இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்து, நோர்வூட் மைதானத்தில் பேசிவிட்டுப் போனார். அன்றைய சனக்கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.)

பெண்களாகிய நாம் சலத்தை அடக்கப் பழகியவர்கள். மலையில் மறைவிடம் இல்லை என்று காலையில் ஒரு பிளேன்டியோடு நிறுத்திக்கொள்கிறோம். 2009 இல் மெனிக் பாம் முகாமில் கக்கூஸ் வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்ததாக வன்னிச் சகோதரிகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். குழாய் உள்ளவர்கள் அப்படிச் செய்தால் சலம் தடித்து எரிவு கூடும், குழாயில் உப்பும் படியும். சலம் வெளிறிய நிறத்தில் போகுமளவுக்குக் குடியுங்கள். பொழுது சாய்ந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம். கிளினிக்கிற்குக் கண்டி பஸ்ஸில் போகிறவர்கள் நாவலப்பிட்டியில் பஸ் நிற்கும்போது இறங்கிப் போய் வந்துவிடுங்கள். கொண்டக்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வெட்கம் வேண்டாம்.

வடக்குக் கிழக்கிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்புக்குள் செல் துண்டோடு வருடக்கணக்காக வாழும் சகோதரிகள் பலர் இருக்கிறீர்கள். "எடுக்கத் தேவையில்லை, அது அப்படியே இருக்கட்டும்" என்று டொக்டர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஸ்டென்ட் அப்படி விட்டுவைக்கக்கூடிய பொருள் அல்ல. குளிசையால் தொல்லை அடங்கியதும் குழாயையே மறந்துவிடுகிறவர்கள் உண்டு. சிலருக்குச் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். நீண்ட காலம் தேவைப்படுவோருக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கர்ப்பிணிகளுக்கு உப்பு சீக்கிரம் படிவதால் இன்னும் முன்னதாகவே மாற்ற நேரும். தவணை தாண்டினால் குழாயைச் சுற்றிக் கல் கட்டிக்கொள்ளும். அதை எடுக்க மறுபடியும் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும், சிறுநீரகமே கெட்டுப்போகவும் கூடும். துண்டு ஆங்கிலத்தில் இருப்பதால் பலருக்குத் திகதி தெரிவதில்லை. வார்ட்டை விட்டு வரும் முன் மிஸ்ஸியிடம் கேட்டு, "குழாய் வைத்த நாள், எடுக்கும் நாள்" என்று துண்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் கலண்டரிலும் வட்டமிடுங்கள்.

குளிசை வார்ட்டில் இல்லையென்றால் வெளியே வாங்க எழுதித் தருவார்கள். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இதனால் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஒசுசலவில் விலை கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் வாங்காமல் பேசாதிருந்துவிடாமல், விலை குறைந்த வேறு குளிசை எழுத முடியுமா என்று டொக்டரிடமே கேளுங்கள். டம்சுலோசின் மிராபெக்ரோனை விட மலிவு.

எடுக்கும் நாளை நினைத்தும் சிலர் நடுங்குகிறார்கள். மரத்துப்போகும் களிம்பு பூசி, மெல்லிய கமரா குழாயை விட்டுச் சுருளைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். சில நிமிட வேலைதான். அன்றும் மறுநாளும் கொஞ்சம் எரியும். அதன் பிறகு அடிக்கடி போவது பெரும்பாலும் நின்றுவிடும். குளிசையை எப்போது நிறுத்துவது என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சியதைப் பக்கத்து லயத்து அக்காவின் எரிவுக்கென்று கொடுத்துவிட வேண்டாம். அவருடைய எரிவு வேறு காரணத்தால் வந்ததாக இருக்கும்.