பசியோடு ஒரு வழக்கு

பருத்த சரீரமுள்ளவர் ஒருவரைக் கண்டதுமே, “வாயைக் கட்டத் தெரியாதவர்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது ஊரார் வழக்கம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் வெளியிட்ட முடிவை அறிந்தவர்கள் இப்படிச் சொல்லச் சற்றே கூசுவார்கள்.

பருமனான 50 பேரைச் சேர்த்து அவர்கள் பத்து வாரம் கடும் பத்தியம் வைத்தார்கள். எடை குறைந்தது. வேடிக்கை அதற்குப் பிறகுதான்! ஓராண்டு கழித்து இரத்தத்தைச் சோதித்தபோது, இரைப்பையில் ஊறி ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று மூளையைத் தூண்டும் கிரெலின் மிகுந்தே இருந்தது. கொழுப்பில் சுரந்து ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் குறைந்தே கிடந்தது. இழந்த எடையைப் பறிபோன சொத்தாகப் பாவித்து, உடம்பு வழக்காடிக் கொண்டிருந்தது!

இந்த வழக்கில் புதிதாக வந்திருக்கும் வக்கீல்தான் செமாக்ளூடைட் ஊசி. உணவு உள்ளே போனதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற சுரப்பு, வயிறு நிறைந்த செய்தியை மூளைக்குச் சொல்லிவிட்டுச் சில நிமிஷங்களில் சிதைந்து போகும். அதையே ஒத்த இந்த மருந்தோ, பாதியளவு குறைவதற்கே ஒரு வாரம் ஆகும். இரைப்பை மெல்லக் காலியாகிறது. அரைச் சாப்பாட்டிலேயே கை நின்று விடுகிறது. ஆனால் கொழுப்பு கரையக் கரைய லெப்டின் குறையத்தான் செய்கிறது. அந்தக் குறையை மீறி, ‘போதும்’ என்று மருந்து உரக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

2021-ல் வெளியான சோதனையில், 68 வாரம் ஊசி போட்டுக் கொண்டவர்களின் எடை சராசரி 15 சதவிகிதம் இறங்கியது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவிகிதமே. மருந்தை நிறுத்தி ஓராண்டில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது.

இதற்காக மருந்தைப் பழிப்பது நியாயமல்ல. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாலும் அழுத்தம் ஏறத்தானே செய்கிறது? கண்டிக்க வேண்டியது வேறொன்று. எடைக் குறைப்புக்கென்றே இந்த ஊசி இந்தியாவில் 2025-ல் விற்பனைக்கு வந்துவிட்டது. “கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் இளைத்தால் போதும்” என்று வருகிறவருக்கு, மறு பேச்சின்றிச் சீட்டு எழுதிக் கொடுப்பது வைத்தியமாகாது. குமட்டலும் வாந்தியும் வரலாம், கொழுப்போடு தசையும் குறையும், வருஷக் கணக்கில் செலவாகும், நிறுத்தினால் பசி திரும்பும் - இத்தனையும் முதல் ஊசிக்கு முன்பே சொல்லப்பட வேண்டும். பணமில்லாமல் பாதியில் நிறுத்துகிறவரை, மீண்டும் பருத்த பிறகு ஏசாமல், நிறுத்திய மாதத்திலிருந்தே கூப்பிட்டுக் கவனிக்க வேண்டும்.