தவத்தைக் கலைக்கும் தருணம்

மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளில் காமன் ஊன்றுதல் மலையகத் தோட்டங்களின் மரபு. அன்று தொட்டுத் தப்பொலி எழும், ரதியும் மதனும் வேடமிட்டு லயந்தோறும் ஆடிவருவர், பௌர்ணமியை ஒட்டிய இரவில் மதன் எரிவான், பின் உயிர்பெற்றெழுவான். லுணுகலையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும் இம்மரபுக்கு உரியனவே.

“இத்தனை இரவுகள் எதற்கு? தகனக் காட்சியை மட்டும் அரைமணி நேரம் மேடையேற்றினால் போதாதா?” என வினவுவோர் படித்தவரிடையே பெருகியுள்ளனர். மறுநாட் காலைப் பிரட்டுக்குச் செல்வோர் மீது அவர்களுக்குத் திடீரெனப் பரிவும் சுரக்கின்றது. லயத்தில் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த இளைஞரும் இவர்களோடு சேர்ந்து குரலெழுப்புவதே வருந்தத்தக்கது.

இவர்கள் ஒன்றை மறந்தனர். காமன் கதையே இடையீட்டின் கதைதான். சிவனது தவத்தை எப்போது கலைப்பது என்பதே அதன் உயிர்நாடி. குமாரசம்பவத்தின் மூன்றாம் சருக்கத்தில், சிவனைக் கண்ட அச்சத்தால் மன்மதனின் வில்லும் கணையும் அவனறியாமலே கைநழுவுகின்றன. அவன் விரையவில்லை. சிவன் யோகம் தளர்ந்து, உமையின் மாலையை ஏற்க முனையும் வேளை வரை காத்திருந்தே கணை தொடுக்கிறான். அத்துணை பொறுத்தும் அவன் நெற்றிக்கண்ணுக்கு இரையானான்.

இன்று மாணவர் இணையவழி ஆடும் பாத்திர விளையாட்டுகளிலும் இவ்வினா உண்டு. அங்கே மந்திரங்கள் இருவகைப்படும். ஒருவகை ஓதி முடிந்த பின்னரே பலிக்கும். அதனை இறுதிக் கணத்தில் தடுத்தாலும் முழுவதும் வீணாகும். மற்றொரு வகை ஓதும் கணந்தோறும் பலித்துக்கொண்டேயிருக்கும்; அதில் தடுத்த கணத்திற்கு முன் விளைந்தது நிற்கும், பின் விளையவேண்டியது மட்டுமே அழியும். எனவே எதிரியின் மந்திரத்தைத் தடுக்க எண்ணுபவன் முதலில் அதன் வகையை அறிதல் வேண்டும். இரவெல்லாம் இதைப் பயின்று தேர்ந்த மாணவரே கூத்தின் வகையை அறியாது பேசுவது விந்தையன்றோ!

காமன் கூத்து இரண்டாம் வகையினது. அதன் பயன் தகனத்தில் மட்டும் திரண்டிருப்பதன்று. வாய்மொழிப் பாடலை வாத்தியாரிடமிருந்து இளைஞன் செவிவழி பெறும் இரவும் பயனே. பகலெல்லாம் கொழுந்தெடுத்த பெண் ரதியின் புலம்பலில் தன் துயரைக் கேட்கும் இரவும் பயனே. தகனத்தை மட்டும் வெட்டியெடுத்து மேடைக்குக் கொணர்வோர் கணந்தோறும் விளைந்ததை எறிந்துவிட்டுச் சாம்பலை ஏந்தி வருகின்றனர்.

அவ்வாறாயின் கூத்தை ஒருபோதும் நிறுத்தலாகாதா? நிறுத்தலாம். 2014 இல் மீரியபெத்தையை மண்சரிவு விழுங்கிய மாவட்டம் இது. மலை அசையுமெனில் தப்பு அக்கணமே ஓயவேண்டும். பரீட்சைக் காலமாயின் ஒலிபெருக்கியை அணைப்பதும் அறமே. பிரட்டுக்குப் போகவேண்டியவர்கள் தாமே கூடி இரவைக் குறைத்தால் அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. அருள் வந்து ஆடுபவரின் நெற்றியில் எப்போது திருநீறு இடுவது என்பதை அருகில் நிற்கும் முதியவரே அறிவார். தூரத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அறியார்.

எரிந்த காமன் எழுவான். அதற்கு ரதியின் புலம்பல் உண்டு. இடையில் அறுபட்ட கூத்துக்காகப் புலம்பப் பாடலறிந்த ஒருவரேனும் எஞ்சியிருத்தல் வேண்டுமே!